யாரும் குறையல

அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு தம்பி. கண்ணாடி டம்ளர் சிமெண்டுத் தரையில உடையற சத்தம். கை தவறி விழுந்தா ஒரு மாதிரி கேக்கும், வேணும்னே போட்டா வேற மாதிரி கேக்கும். நாங்க பொம்பளைங்கல்லாம் அடுப்படியில தட்டு துடைச்சுக்கிட்டு இருந்தோம். அத்தனை கையும் அப்படியே நின்னுபோச்சு.

உக்காரு. எங்க வீட்டுக்காரரு மருந்துக்கடைக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள நான் பேசிடணும். அவரு வந்தா நீ கேக்கறதுக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டிடுவாரு. சங்கத்துக்குப் பொன்விழா, கேப்டனை மேடையேத்தணும், அவரு எங்க இருக்காருன்னே தெரியல, அவரோட பழைய டிரைவரு இவரைக் கேட்டா தெரியும்னு வந்திருக்க. கேப்டனைக் கூட்டிட்டு வந்தா டிரைவரையும் திரும்பச் சேத்துக்குவீங்க. அதானே? ரொம்பப் பெரிய மனசுதான்.

நீ பட்டாளத்துல இருந்தியா? இல்லையா. அப்பாதானா, வயர்லெஸ்காரரு. மகன் செயலாளர். நல்லது. விழா மலருக்கு வரலாறு எழுதணும்னியே, நான் சொல்றேன் கேட்டுக்கோ.

சங்கம்னா, ஒரு லாண்டரிக்கு மேல மாடி ரூம்பு. கீழ இருந்து ஆவி ஏறி சுவரெல்லாம் வேர்த்துக் கிடக்கும். நம்ம பட்டாளத்துல இருந்து வெளிய வந்து இந்த ஊருல பொழைக்க வந்தவங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அங்க கூடுவாங்க. வாரம் பூரா ஒருத்தர் லாரி ஓட்டுவாரு, ஒருத்தர் ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் தள்ளுவாரு. கேப்டனுக்குத் துணிக்கடையில கதவு தொறந்து விடற வேலை. மாடிப்படி ஏறிட்டா மட்டும் கேப்டன். அவரு உக்கார்ற வரைக்கும் எல்லாரும் நிக்கணும். இங்க வந்து சொந்தமா ஓட்டல் நடத்தினாரே, பட்டாளத்துச் சமையல்காரரு, அவரும் தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டு நிப்பாரு.

சண்டையா? எந்தச் சண்டை? இவங்க இருந்தது சப்ளை டிப்போ. அரிசி மூட்டை, பூட்ஸு, கம்பளி. இவங்க பேச்சுல அந்த டிப்போ வருஷா வருஷம் எல்லைப்பக்கம் நகந்துக்கிட்டே போச்சு தம்பி. கடைசியில எல்லையையும் தாண்டிருச்சு. உங்கப்பாவும் சொல்லியிருப்பாரே, குண்டு காதோரமா போச்சுன்னு. சிரிக்காத, அவரு நல்லாத்தான் சொல்லுவாரு.

வருஷ விருந்துல ஒரு வழக்கம் உண்டு. கேப்டன் எழுந்து, யாராவது குறையறாங்களான்னு கேப்பாரு. எல்லாரும் ஒரே குரலா, யாரும் குறையலம்பாங்க. செத்தவங்களும் கூடவே இருக்காங்கன்னு அர்த்தமாம். சும்மா சொல்லக்கூடாது, மொத தடவை கேட்டப்ப அடுப்படியில இருந்து நானும் கூடவே சொன்னேன்.

வெல்டர்னு ஒருத்தர் இருந்தாரு. குடிச்சிட்டு கலாட்டா பண்றாருன்னு, இனிமே வரவேணாம்னுட்டாங்க. அப்புறம் சக்கரையில ஒரு காலை எடுத்து ஆஸ்பத்திரியில கெடந்தாரு. ஒரு பயலும் எட்டிப் பாக்கல. எங்க வீட்டுக்காரருதான் டூட்டி முடிஞ்சதும் ஆரஞ்சு வாங்கிட்டுப் போவாரு. அந்த வருஷ விருந்துலயும் கேப்டன் கேட்டாரு, எல்லாரும் சொன்னாங்க. சொல்லி முடிச்சதும் இவரு மட்டும், ஒருத்தர் குறையறாருங்க சார், வெல்டர் வரலன்னாரு. திமிரெல்லாம் இல்ல தம்பி. மேலதிகாரி கேட்டா உள்ளதைச் சொல்லணும், அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அது பதில் வேண்டிக் கேட்ட கேள்வி இல்லைங்கறது அவருக்கு உறைக்கவே இல்ல.

ஒவ்வொருத்தருக்கும் அலமாரியில ஒரு டம்ளர் இருக்கும், பேரு எழுதி. கேப்டன் நடந்து போயி இவரு டம்ளரை எடுத்தாரு. போட்டாரு. விலக்கிட்டாங்கன்னு அதுக்கு அர்த்தம். உங்கப்பா உள்பட அத்தனை சூரப்புலிகளும் சாப்பாட்டுத் தட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்க. இந்த மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? சல்யூட் அடிச்சிட்டு வந்தாரு. வீடு வர்ற வரைக்கும் நான் நாலடி முன்னாலயே நடந்தேன்.

அதுக்கப்புறமும் விருந்து அன்னிக்குச் சாயங்காலமானா சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு ஜன்னலோரம் உக்காருவாரு. ஏன்னு கேட்டா, சும்மாதாம்பாரு. இன்னிக்கு நீ ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும், ஓடி வந்து உங்களுக்கு நாற்காலி துடைப்பாரு. அதான் சொல்றேன், கூப்பிடாத. அவருக்கு மானம் தெரியாது. எனக்குத் தெரியும்.

கேப்டனா? மகன் வீட்டுக்குப் போயிட்டாருன்னு யாரு சொன்னா? நீங்களே நெனச்சுக்கிட்டதா. சரிதான். மகன் போன் எடுக்கறதையே விட்டுட்டான் தம்பி. சம்சாரம் செத்ததுக்கப்புறம் கேப்டனுக்குப் புத்தி தடுமாறிப்போச்சு. பஸ் ஸ்டாண்டுல செருப்பில்லாம உக்காந்திருந்தவரை இவருதான் கூட்டிட்டு வந்தாரு. ஏங்க இந்த ஆளான்னேன். கேப்டனாச்சேன்னாரு. தெனம் சவரம் பண்ணிவிட்டு, சட்டைக்குப் பட்டன் போட்டு, முன்னாடி நின்னு சல்யூட்டும் அடிப்பாரு. அந்தாளு என்னைப் பட்டாளத்து எடுபிடின்னு நெனச்சு ஆர்டர்லி, ஆர்டர்லின்னு கூப்பிடுவாரு. நான் திட்டிக்கிட்டே கஞ்சி ஊட்டுவேன்.

உள்ள எட்டிப் பாக்காத, அங்க யாரும் இல்ல. போன மாசம் விடாம மழை பெஞ்சுதே, அந்த வாரம் செத்துட்டாரு. எரிக்கப் போனது நாங்க ரெண்டு பேரும் வண்டிக்காரரும்தான்.