அழைப்பல்ல, அலறல்

தலைமையேற்றிருக்கும் ஆசிரியை அவர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே பாடம் கேட்ட தாய்மார்களே, வேலை முடிந்த களைப்போடு இந்த ஆங்கில வகுப்புக்கு வந்து இன்று சான்றிதழ் பெறும் தோழர்களே, வணக்கம்.

ப்ளீஸ், சாரி, தேங்க்யூ என்று இந்த வகுப்பில் கற்ற பணிவான ஆங்கிலம் எதற்கு? பதவிக்கா, பகட்டுக்கா, பயத்துக்கா?

என் அக்கா நர்ஸ். அவளுடைய வார்டில் ஆங்கிலம்தான் பேச்சு. ஒரு பிற்பகல், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த பஸ் டிரைவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அக்கா டாக்டருக்குப் போன் செய்தாள். நல்ல ஆங்கிலம். 'சாரி டாக்டர், தொந்தரவுக்கு மன்னியுங்கள், நேரம் கிடைக்கும்போது ஒருமுறை வர முடியுமா, ப்ளீஸ்.' அவரும் 'கண்டிப்பாக, தேங்க்யூ' என்றார். போனை வைத்தாள்.

கதவோரம் நின்றிருந்த டிரைவரின் மனைவி கேட்டார்: "எப்ப வராராம்?"

"வரேன்னாரும்மா."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது தாயி. ஆனா நீ பேசினது கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. இவருக்கு மூச்சு முட்டுதுன்னு சொன்னியா?"

சிரிக்கிறீர்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் சொல்லவே இல்லை.

மறுபடி போன். 'மூச்சு முட்டுகிறது. உதடு நீலமாகிறது. இப்போதே வாருங்கள்.' அதில் ப்ளீஸ் இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை. டாக்டர் ஓடி வந்தார்.

பிழைத்தாரா என்று அங்கே ஒரு அம்மா கேட்கிறார். பிழைத்தார் அம்மா. மயிரிழையில்.

பிறகு டாக்டர் கேட்டாராம்: "முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?"

"மரியாதையா இருக்காதுன்னு நெனச்சேன் டாக்டர்."

"மரியாதை எனக்கா, அவருக்கா?"

அவையோரே, அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். நம்முடைய சாரி யாருக்குப் போகிறது? மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு. நம்முடைய தேங்க்யூ? கையெழுத்துப் போடுபவருக்கு. கட்டிலில் கிடப்பவருக்கு என்ன மிச்சம்? கதவோரம் நிற்பவருக்கு என்ன மிச்சம்? அஞ்சிக் குனிவது பணிவல்ல. அடுத்தவர் வலியை அப்படியே எடுத்துச் சொல்வது பணிவு. வலியை மறைக்கும் இனிமை, எந்த மொழியில் இருந்தாலும், கொடுமை.

ப்ளீஸ் சொல்லுங்கள். நிறையச் சொல்லுங்கள். சொல்லும்போது, யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்.

இவ்வளவு நேரம் என் முகம் பார்த்துக் கேட்டீர்கள். அந்தப் பண்புக்குத் தலைவணங்கி விடைபெறுகிறேன். நன்றி.