பேட்டரி வேண்டாம் என்றேன்

வீட்டுக்கு சோலார் போட்டால் கட்டுப்படியாகுமா என்று யார் கேட்டாலும், முதலில் மொட்டை மாடியில் எத்தனை மணி வரை நிழல் விழுகிறது என்று பார்க்கச் சொல்வேன், சார். எங்கள் மாடியில் நிழலே கிடையாது.

அண்ணனுக்கு நுரையீரல் போய்விட்டது. ஆக்சிஜன் மிஷின் இரவு பகலாக ஓடியது. கரண்ட் பில்லில் பாதி அவர் மூச்சுதான். கட்டியது நான். சோலார் யோசனையே அதனால்தான் வந்தது.

எலக்ட்ரீஷியன் உங்களிடம் சொன்னது உண்மை. ஒளிக்காமல் என்னிடமும் சொன்னார்.

"பேட்டரி இல்லாம போட்டா, லைன்ல கரண்ட் போனதும் இதுவும் நின்னுடும் சார். வெயில் கொளுத்தினாலும் சரி. கம்பத்துல வேலை செய்யறவனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுல்ல?"

பேட்டரியோடு போட்டால் போட்ட பணம் திரும்பப் பதினோரு வருடம். அண்ணனுக்கு டாக்டர் சொன்னது இரண்டு. வேண்டாம் என்றேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அண்ணி மட்டும் கேட்டார். "ஏன் தம்பி, கரண்ட் போனா மிஷின் ஓடும்ல?"

"அதுக்குத்தானே அண்ணி இவ்வளவும்."

அண்ணன் சிரித்தார். "பாத்தியாடி, இனிமே சூரியன் நம்ம வீட்டு வேலைக்காரன். லீவுகூட கேக்க மாட்டான்."

அந்த நம்பிக்கையில்தான் கட்டிலடியில் அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க அண்ணி சம்மதித்தார். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

மின்தடை அறிவிப்பு என் போனுக்குத்தான் வரும். காலை பத்து முதல் இரண்டு வரை, பராமரிப்பு வேலை. அதே நாளில் அண்ணியின் பல்வலிக்கு நானே டாக்டரிடம் நேரம் வாங்கினேன்.

"நீங்க போங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பத்து மணிக்கு மிஷின் நின்றது. அறை முழுக்க வெயில். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வெயில் அடிக்குதேடா" என்றார்.

ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தது பதினொன்றேகாலுக்கு. எழுதிக்கொள்ளுங்கள்.

மிஷினை அடுத்த வாரமே விற்றுவிட்டேன். ஆனாலும் வெயில் ஏறியதும் அந்த அறைக்குள் அது ஓடுகிறது. அண்ணிக்குக் கேட்கவில்லையாம். எனக்குப் பயமில்லை. இழுத்துக்கொண்டு கிடக்காமல் போய்ச்சேர வழி செய்தவன் யாரென்று அண்ணனுக்குத் தெரியும். நன்றி சொல்லத்தான் வருகிறார், சார். நான்தான் இன்னும் கதவைத் திறக்கவில்லை.