வாசிக்காமல் விட்ட சுரங்கள்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சர்க்கரை ஒரு கரண்டி தூக்கல், பரவாயில்லை. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் தங்கை வீட்டுக்காரர் ஜாஸ் பியானோ வாசிப்பவர். இருபது வருடம் ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்தார். விரல்கள் அப்படிப் பறக்கும். அதற்காக யாரும் முள்கரண்டியைக் கீழே வைத்ததில்லை. கச்சேரி பிடிப்பது, காரில் கூட்டிப்போவது, பேட்டிக்கு ஆள் தேடுவது எல்லாம் நான்.

ஒரு சின்ன அரங்கில், பாட்டின் நடுவே அவர் வலது கை அப்படியே நின்றுவிட்டது. மனிதர் இடது கையால் ஒன்றிரண்டு சுரம் தட்டிச் சமாளித்தார். முன்வரிசையில் ஒரு விமர்சகர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பத்திரிகையில், 'வாசிக்காமல் விட்ட சுரங்களின் மகா கலைஞன்' என்று எழுதிவிட்டார்.

டாக்டர் வேறு மாதிரி சொன்னார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைக்கிறதாம். காலையும் மாலையும் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. எடுத்துக் கொடுக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. அதுதான் சிக்கல். கை சரியாகி, மனிதர் பழையபடி பொரிந்து தள்ளினார். விமர்சகர் இடைவேளையில் என்னை ஓரமாக அழைத்து, "என்ன சார், உங்க மாப்ள மறுபடி வாசிக்க ஆரம்பிச்சுட்டாரே," என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டார்.

நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. ஒரு வாரம் யோசித்தேன். அதே அளவில், அதே வெள்ளை நிறத்தில் ஒரு சத்து மாத்திரை கடையில் கிடைத்தது. முதலில் கச்சேரி நாட்களில் மட்டும் அதைக் கொடுத்தேன். பிறகு கச்சேரி இல்லாத நாளே இல்லை என்றாகிவிட்டது.

இசைத்தட்டு வந்தது, விருது வந்தது. பல்கலைக்கழகத்தில் 'மௌனத்தின் இலக்கணம்' என்று கருத்தரங்கு வைத்தார்கள். அவருக்குப் பேச்சு குழறியதால் நான்தான் பேசினேன். நன்றாக இருந்தது என்றார்கள்.

ஒரு நாள் மேடைக்குப் போகுமுன் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், விரல் என்னோடது மாதிரியே இல்ல. மாத்திரை நெஜமாவே வேலை செய்யுதா?"

"செய்யுது மாப்ள. இன்னைக்கும் ஹவுஸ்புல்."

பொத்தானை நானே போட்டுவிட்டேன்.

கடைசிக் கச்சேரியில் நாலே சுரம் வாசித்தார். பிறகு கை நின்றது. இரண்டாவது நிமிடமே அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்தார். பொறு என்று கை காட்டினேன். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. விமர்சகர் தேம்பிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் எழுந்து ஆம்புலன்ஸ் என்று கத்துவது நாகரிகமா, நீங்களே சொல்லுங்கள். பதினொன்றாவது நிமிடம் மாப்பிள்ளை இருக்கையிலிருந்து சரிந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

ஆமாம், மாத்திரையை மாற்றியது நான்தான். கை காட்டியதும் நான்தான். மருத்துவமனை வராந்தாவில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, மாத்திரை ஒழுங்கா குடுத்தியா?" என்று கேட்டாள்.

"ஒரு வேளைகூடத் தவறினதில்லம்மா," என்றேன்.

அவளிடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.