பேசும்போது கேட்காத கார்டு

சர்வர் அறைக் குளிரில் எனக்கு எப்போதும் மூக்கு ஒழுகும். அன்று காலை பத்து நாற்பதுக்கும் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேதான் கேபிளைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். மருத்துவமனை முழுக்க நெட்வொர்க் திணறிக்கொண்டிருந்தது. பின்னால் எங்கள் தலைமைப் பொறியாளர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர்.

"பிங் போகுதே, அப்புறம் என்ன?" என்றார்.

பிங் என்பது 'இருக்கிறாயா' என்று சர்வரைக் கேட்டுப் பார்க்கும் சின்னச் செய்தி. அது போகும், இன்ஸ்பெக்டர். சர்வரின் நெட்வொர்க் கார்டு ஒரே சமயத்தில் பேசும், கேட்கும். செட்டிங்கில் ஒரு வரியை மாற்றினால், பேசும்போது கேட்காது. வேலை குறைவாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஸ்கேன் படங்கள் குவிந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். எட்டரை மணிக்கு அந்த வரியை மாற்றியவன் நான்தான்.

காரணம் கேட்டீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு கட்டில்களின் அலாரமும் அதே சர்வர் வழியாக ஒரே திரையில் வரும்படி செய்தவன் நான். இரண்டு வருட உழைப்பு. திறப்பு விழா மேடையில் கைதட்டல் தலைமைப் பொறியாளருக்கு. கீழே நின்ற என்னைக் காட்டி, "இவர் நம்ம வயர் மாமா. குனிஞ்சா வயர் மாட்டுவார், நிமிர்ந்தா இடுப்பு பிடிச்சுக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிரிவில் நர்ஸாக இருக்கும் என் மகளும் சிரித்தாள்.

பத்து நாற்பத்து நான்குக்கு அவள்தான் போன் செய்தாள். "அப்பா, ஸ்க்ரீன் உறைஞ்சு போச்சு. பன்னிரண்டு கட்டிலுக்கு ரெண்டே பேர் ஓடிட்டிருக்கோம். சீக்கிரம் பாருங்கப்பா."

பார்க்கிறேன் என்றேன். கேபிளைத் துடைத்தேன்.

பத்து ஐம்பத்தேழுக்கு, திரைச்சீலை போட்ட ஏழாம் கட்டிலில் ஒருவர் இறந்தார். கவனிக்காமல் விட்டதாக என் மகள்மீது எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அலாரம் அடித்தது, அவளிடம் போய்ச் சேரவில்லை. நான் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. தலைமைப் பொறியாளர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும், அவ்வளவுதான்.

வரவும் வந்தது. பத்து ஐம்பத்து மூன்றுக்கு, வியர்த்துப்போய், "மாமா, எனக்கு ஒண்ணும் புரியலை. இது நீங்க கட்டினது. நீங்களே காப்பாத்துங்க" என்றார்.

வரியைத் திருப்பி வைக்க எனக்குப் பத்து விநாடி போதும். ஆனால் அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார், இன்ஸ்பெக்டர். அன்று கைதட்டியவர்களை எல்லாம் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். எல்லாரும் வந்து சேர எட்டு நிமிடம் ஆனது.