எறும்பு வராத குளிர்

முன்பின் தெரியாத ஒரு தாயின் நம்பிக்கையைப் பேருந்தில் வைத்துக் கலைக்கலாமா?

தேவிகுளம் போகும் வண்டியில் என் முன்னால் இரண்டு தோட்டத்துப் பெண்கள். ஒருத்தியின் மடியில் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத மகள்.

"வளர்றதுக்கு ஊசி கேட்டேன்க்கா. அது சர்க்கரைய ஏத்திரும், இவளுக்கு ஆகாதுன்னுட்டாரு டாக்டரு. இப்பத்தான் சர்க்கரையே போயிருச்சே!"

"எப்படிடி தெரியும்?"

"கீழ போடியில இருந்தப்ப இவ ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்கும். சூரியநெல்லிக்கு வந்ததுலேர்ந்து ஒண்ணுகூட வரலக்கா. இன்சுலின் ஊசியையும் நிறுத்திட்டேன்."

"அப்ப இனி பனைமரமா வளருவா பாரு!"

"அம்மா, தண்ணி," என்றாள் சிறுமி, மறுபடியும்.

நானும் சூரியநெல்லிதான்; அந்த மலைக்குளிரில் என் வீட்டு வெல்லத்துக்கே எறும்பு வருவதில்லை. நான் வாய் திறப்பதற்குள் அவர்கள் இறங்கிவிட்டார்கள். பெயர்கூடத் தெரியாத அவளுக்கு இதை எப்படிச் சொல்லி அனுப்புவது? வழி தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.