டாக்டர் முனிவேல் தக்காளி வாங்கிய கதை

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் ஓசூர்த் தொழிலாளத் தோழர்களே, ராயக்கோட்டையிலிருந்தும் சாமல்பட்டியிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே! இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்த அனைவருக்கும் வணக்கம்.

நம் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் முனிவேல் போய்விட்டார். அவர் வெட்டி அனுப்பும் குடல் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னவன் நான். வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் கட்டியில் அதிகமாக இருந்தால் புற்றுநோய் மேலும் பரவக்கூடும் என்று எண்பதுகளின் கடைசியில் எங்கோ படித்தார். விடுவாரா? பெங்களூரிலிருந்து சாயமேற்றும் மருந்தை ஐஸ் பெட்டியில் வரவழைத்து என் தலையில் கட்டினார். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். “பழுப்பு எவ்வளவுய்யா?” சாப்பிடும்போதும் இதே கேள்வி! “நிச்சயமாச் சொல்ல முடியாது சார், சந்தேகம்தான்” என்பேன். “சந்தேகம் போதும், போய்ப் பார்த்துடலாம்” என்பார்.

ஆபரேஷன் ஆனவர்கள் கட்டியோடு நோயும் போனதென்று நினைத்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வர மாட்டார்கள். ஜவளகிரிப் பக்கம் ஓர் அம்மாவைத் தேடிப் போனோம். வாசலிலேயே மடக்கினார். “ஏஞ் சாமி ஊட்டுக்கே வந்துட்டீங்க? டாக்டரு வந்தாருன்னு தெரிஞ்சா எம் பொண்ண எவன் கட்டுவான்?”

அந்தக் கேள்வி டாக்டரைத் தூங்கவிடவில்லை. அடுத்த வாரமே டாக்டர் முனிவேல் தக்காளி வியாபாரி ஆனார்! வேட்டியும் கூடையுமாகப் போய்ப் பேரம் பேசுவார். பிறகு தண்ணீர் கேட்டு உள்ளே போய் வயிற்றை அழுத்திப் பார்ப்பார். அந்த அம்மா மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார், பிழைத்தார். மகள் கல்யாணத்தில் எங்களுக்கு முதல் பந்தி. அவர் வாங்கிக் குவித்த தக்காளியால் எங்கள் கேன்டீனிலோ வருஷம் முழுக்கத் தக்காளி ரசம்! திட்டாதவர் உண்டா? இன்று அந்த ரசத்துக்கு ஏங்குகிறேன்.

கடைசியாக அவர் கேட்டதும் ஒரு பழுப்பைப் பற்றித்தான். “நல்லாவே ஏறியிருக்கு சார்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை போவோம் என்றார். சனிக்கிழமை அவர் நெஞ்சு நின்றுவிட்டது.

அந்தக் கட்டிக்கு உரியவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் பக்கம் பார்க்கவும் மாட்டேன். டாக்டர் விட்ட பணியைத் தொடர்வேன் என்பதற்கு நான் தரும் வாக்கு இவ்வளவுதான். தக்காளி ரகசியத்தை இன்று நானே போட்டு உடைத்துவிட்டேன், அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை வேறு எதையோ விலை கேட்டு உங்கள் வாசலில் நிற்பேன். என்னை உள்ளே கூப்பிடுங்கள்.