பணி ஓய்வு பெறும், எதையும் இலேசில் நம்பாத மீனாம்பிகை அம்மையாருக்கு

இணுவிலூர் ஈன்ற ஈடற்ற அறிவே! புரதங்களின் புதிர் பிரித்த புலமையே! முப்பத்தொரு ஆண்டுகள் எங்களை மூச்சுவிடாமல் கேள்வி கேட்ட பேராசானே! ‘இன்முகச் சுடரே’ என்றும் முதலில் எழுதியிருந்தோம். ‘உதுக்கு என்ன ஆதாரம்?’ என்று தாங்கள் கேட்பீர்களென்று பயந்து வெட்டிவிட்டோம்.

ஒரு புரதம் எப்படி மடிந்து எந்த உருவெடுக்கும் என்பதைக் கணினியால் கணித்துச் சொல்வது தங்கள் துறை. திரையில் தோன்றும் வண்ணப் படத்தில் நாங்கள் மயங்கி நிற்போம். தாங்களோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாப்பிள்ளை வீட்டார் தந்த சாதகத்தைப் பார்ப்பதுபோல் அதைப் பார்ப்பீர்கள்.

விரிவுரையாளர் கோகுலன் தங்களிடம் பட்ட பாடு ஊரறியும். மிளகாய் இலையைச் சுருட்டும் வைரசின் புரதமொன்றில், மருந்து போய்ப் பொருந்தக்கூடிய குழியொன்று இருப்பதாக அவர் கணித்தார். நான்கு வருட உழைப்பு. அவருடைய கலாநிதிப் பட்டமே அந்தக் குழியை நம்பித்தான் இருந்தது. கட்டுரையைத் தாங்கள் மூன்று தரம் திருப்பிக் கொடுத்தீர்கள். போதாததற்கு, அவருடைய தரவுகளைப் பிரதியெடுத்துத் தாங்கள் எங்கோ அனுப்பியதை ஆய்வுகூட உதவியாளர் பிரதீபா கண்டுவிட்டார்.

“மனிசி பென்சன் எடுக்க முதல் என்ரை வேலையைத் தன்ரை பேரிலை போடப்போகுது,” என்றார் கோகுலன்.

“எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு,” என்று பிரதீபா வேறு எண்ணெய் ஊற்றினார். நாங்களும் ஆமென்று தலையாட்டினோம். தேநீர் வேளையில் தாங்கள் உள்ளே வந்தால் கதை நின்றுவிடும்.

மாசியில் வெளிநாட்டு ஆய்வகமொன்றிலிருந்து தங்கள் பெயருக்குத் தடித்த உறை வந்தது. தாங்கள் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை, கோகுலன் அதைத் தேநீர்க் கேத்திலின் ஆவியில் காட்டிப் பிரித்தார். அந்தப் புரதத்தை மெய்யாகவே உருவாக்கி அளந்த முடிவுகள் உள்ளே இருந்தன. குழியைக் காணவில்லை, அந்தப் பகுதி ஓருருவில் நில்லாமல் நெளிந்துகொண்டிருந்ததாம். ஆய்வாளர் என்று கோகுலனின் பெயர் மட்டுமே இருந்தது. தங்கள் பெயரைத் தேடிப் பார்த்தும் இல்லை. கட்டுரை முன்பே வெளிவந்திருந்தால் அவருடைய மானம் கப்பலேறியிருக்கும். உறையை மறுபடி ஒட்டித் தங்கள் மேசையில் வைத்தார்.

திங்கட்கிழமை தாங்கள் அதை விரலால் தடவிப் பார்த்தீர்கள்.

“தம்பி, ரெண்டாந்தரம் ஒட்டின உறை உது. வாசிச்சிட்டீர்தானே? கதிரையை இழுத்துப்போட்டு இரும். கட்டுரையைத் திருத்துவம்.”

“ஓம், மிஸ்,” என்று அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கணினி சொன்ன குழி அங்கே இல்லை என்று நிறுவிய ஆய்வுதான் பின்னர் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தது.

உறையைப் பிரித்தவர் ஒருவர்தான். கதவடியில் காவல் நின்றவர்கள் நாங்கள் எல்லோரும். அதைப்பற்றித் தாங்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் மன்னிப்பு என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. பொன்னாடை போர்த்துவதற்கு முன், இந்தச் சபையறிய, அதை இப்போது கேட்கிறோம்.

நோய்நொடி அண்டாமல் நூறாண்டு வாழ்க, அம்மையே! நாங்கள் மெய்யாகவே வருந்துகிறோமா என்று தாங்கள் சந்தேகப்பட்டால், அது எங்களுக்கு வேண்டியதுதான்.

தலைகுனிந்து நிற்கும்
ஆய்வுகூடப் பணியாளர்கள்

எழுதி வாசிப்பவர்: கோகுலன்